வடகரையில் மூன்று கணக்குகள்

வைகையின் வடகரையில் ஆல்பர்ட் விக்டர் பாலம் இறங்கும் இடம் கோரிப்பாளையம். அந்தப் பாலம் 1889-இல் திறக்கப்படும் வரை, மதுரைக்காரர்களுக்கு அது ஆற்றைத் தாண்டிய ஊர். கோரி என்றால் அடக்கத்தலம். அங்குள்ள தர்காதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. தர்காவைக் கடந்து வடக்கே போனால் தல்லாகுளம், தமுக்கம், அதற்கும் அப்பால் அழகர்கோவில் சாலை. சித்திரை மாதத்தில் கள்ளழகர் ஆற்றில் இறங்க வருகிற வழியும் இதுதான். இதே வழியை ஒட்டி, ஒன்றோடொன்று சேர்த்துப் பேசப்படாத மூன்று பெண்களின் வரலாறும் இருக்கிறது. ஒருவர் அரசி, ஒருவர் ஆசிரியை, ஒருவர் கூலி விவசாயி.

தமுக்கம் அரண்மனையை மக்கள் ராணி மங்கம்மாளின் கோடைகால மாளிகை என்கிறார்கள். கட்டியவர் திருமலை நாயக்கரா மங்கம்மாளா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதிரே இருக்கும் மைதானத்தில் யானைச் சண்டையும் வேறு வீர விளையாட்டுகளும் நடந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் குடியிருந்த அந்தக் கட்டடம் பிறகு காந்தி நினைவு நிதிக்குத் தரப்பட்டது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்த நாளிலிருந்து அது காந்தி மியூசியம். உள்ளே காந்தியின் கடைசி நாளின் ரத்தக் கறை படிந்த துணியைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர், சுற்றியிருக்கும் சுவர்கள் யார் காலத்தவை என்று கேட்பதில்லை.

மங்கம்மாள், சொக்கநாத நாயக்கரின் தளபதியாக இருந்த தூபகுல லிங்கம நாயக்கரின் மகள், சொக்கநாதரை மணந்தார். 1682-இல் கணவர் இறந்தபோது அவர் உடன்கட்டை ஏறவில்லை. ஏறாதது அன்றைக்குச் சிறிய செய்தி அல்ல. பக்கத்து இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி சுமார் 1710-இல் இறந்தபோது 47 மனைவியர் உடன் எரிந்ததாக ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் அம்மை கண்டு இறந்தார். நிறைமாதமாக இருந்த அவருடைய மனைவி சின்ன முத்தம்மாளைப் பிள்ளை பிறக்கும் வரை தடுத்து வைக்கத்தான் முடிந்தது. பிறந்ததும் அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். பச்சைக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டி, பாட்டி அரசாள உட்கார்ந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் கையில் இருந்தது, நான்கு பக்கமும் நெருக்கடி சூழ்ந்த நாடு. தலைநகரம் அப்போது திருச்சிராப்பள்ளி. வடக்கே அவுரங்கசீப்பின் படை தக்காணத்தைத் தின்றுகொண்டிருந்தது. 1693-இல் சுல்பிகர் கான் தெற்கே வந்தபோது, மோதினால் நாடு மிஞ்சாது என்று கணக்குப் போட்ட மங்கம்மாள் கப்பம் கட்டினார். கட்டியது கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள், அதே ஆண்டுகளில் செஞ்சிக் கோட்டை முற்றுகையில் கிடந்ததை நினைத்துப் பார்க்கலாம். கப்பத்தை நிறுத்திய திருவிதாங்கூர் மீது 1697-இல் தளவாய் நரசப்பய்யாவை அனுப்பி அதை வாங்கிக்கொண்டார். தஞ்சாவூர் மராத்தியரோடு 1700 வாக்கில் போர். அதிலும் நஷ்டஈடு பெற்றார். பிறகு மைசூர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டுத் தண்ணீரை மறித்தபோது, நேற்று வரை எதிரியாக இருந்த அதே தஞ்சாவூரோடு கூட்டுச் சேர்ந்து படை திரட்டினார். படை கிளம்பும் முன் வெள்ளம் அணையை உடைத்துவிட்டது. சேதுபதியோடு 1702-இல் நடந்த போர் மட்டும் தோல்வி. நரசப்பய்யா அதில் மாண்டார்.

சமய விஷயத்திலும் அதே நிதானம். பாதிரியார் ஜான் டி பிரிட்டோவை 1693-இல் சேதுபதி ஓரியூரில் வெட்டிக் கொன்ற காலத்தில், மங்கம்மாள் சிறையிலிருந்த பாதிரியார் ஒருவரை விடுவித்தார். பூஷே பாதிரியாரை மரியாதையோடு வரவேற்றார். திருச்சி நத்தர்வலி தர்காவுக்குக் கிராமங்கள் எழுதி வைத்தார். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பல சமயத்தார் வரி கட்டுகிற நாட்டில் அது ஆட்சி நுணுக்கமும்கூட.

அதே சமயத்தில் கர்நாடகத்தின் கெளதியில், கணவரை இழந்த சென்னம்மா ஆண்டுகொண்டிருந்தார். சிவாஜியின் மகன் ராஜாராமுக்கு அடைக்கலம் தந்தவர் அவர். 1700-இல் ராஜாராம் இறந்ததும் மனைவி தாராபாய், பிள்ளையைப் பட்டத்தில் வைத்து மராத்தியப் படையை நடத்தினார். ஒரே தலைமுறையில் மூன்று விதவைகள், ஒரே பேரரசனைச் சமாளித்தார்கள்.

ஆனால் மதுரைப் பக்கம் மங்கம்மாளைப் பற்றி முதலில் சொல்லும் கதை வேறு. ஒருநாள் மறதியாக இடது கையால் வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். அந்தப் பாவம் தீரத்தான் சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார் என்பது கதை. திருமலை நாயக்கர் மகால் கட்டியதற்கு யாரும் அப்படி ஒரு பாவத்தைத் தேடவில்லை. மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலி நோக்கிப் போகும் மங்கம்மாள் சாலையும், ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரமும் வண்டிக்காரரும் யாத்திரிகரும் வியாபாரியும் போய்வரச் செய்த ஏற்பாடுகள். வணிகம் நடந்தால்தான் கப்பம் கட்டப் பணம் சேரும். பெண்ணின் நிர்வாகத்தைப் பிராயச்சித்தமாக மாற்றிச் சொன்னது பிற்காலத்தின் கைவேலை. கடைசியில் பேரனே அவரைச் சிறையில் வைத்து, கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத தூரத்தில் சோற்றை வைத்துப் பட்டினி போட்டதாகச் சொல்வதும் செவிவழிக் கதைதான். ஆட்சி 1704-க்கும் 1706-க்கும் இடையே முடிந்தது என்பதைத் தாண்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அவரை அவர் காலத்துக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபத்தின் விதான ஓவியத்தைப் பார்க்கலாம். மீனாட்சி கல்யாணத்தின் முன்னே சிறுவன் விஜயரங்கனோடு அவர் நிற்கிறார்.

இரண்டாவது வரலாறு வகுப்பறையில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன்காரர்கள் மதுரையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார்கள். ஆனால் பள்ளி முடித்த பெண் பெண்களுக்கான கல்லூரியில் படிக்க விரும்பினால் உள்ளூரில் இடமில்லை. பாளையங்கோட்டைக்கு, 1895-இல் தொடங்கிய சாரா டக்கர் கல்லூரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சென்னைக்கு. வயசுக்கு வந்த பெண்ணை ரயிலேற்றி விடுதியில் விட எத்தனை வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? படிப்பைத் தடுத்தது அறிவோ ஆசையோ அல்ல, தூரம்.

1915-இல் மதுரைக்கு வந்த கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை, பெண்கள் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய பின் அந்தத் தூரத்தைக் குறைத்தார். நாடு சுதந்திரமடைந்த மறு ஆண்டு, 1948-இல், தல்லாகுளத்தில் லேடி டோக் கல்லூரி தொடங்கியது. மதுரையின் முதல் பெண்கள் கல்லூரி அது. 1953-இல் ஃபாத்திமா கல்லூரி வந்தது. 1965-இல் கோரிப்பாளையத்திலேயே அரசு மகளிர் கல்லூரி வந்தது. இப்போது ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. காலை நேரத்தில் மேலூர், அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கத்துப் பேருந்துகளிலிருந்து சோற்று டப்பாவோடு இறங்கும் பெண்களில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். மாலையில் அதே பேருந்தில் வீடு திரும்பலாம் என்பதுதான் பெற்றோரைச் சம்மதிக்க வைத்த வாதம். இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஒரு காலத்தில் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் எழுதிய பேருந்துகளும் ஓடின. 1997-இல் எல்லாக் கழகங்களின் பெயரும் ஒன்றானபோது அந்தப் பெயர் அழிந்தது.

பள்ளி தராததை மேடையும் தெருவும் தந்ததுண்டு. மதுரையில் 1917-இல் பிறந்த கே.பி. ஜானகி அம்மாள் நாடகத்தில் பாடி நடித்துப் பேர் வாங்கியவர். பாட்டோடு அரசியல் பேசத் தொடங்கி, போர் எதிர்ப்புப் பிரசாரத்துக்காகச் சிறைக்குப் போனார். சம்பாதித்த நகையும் சொத்தும் இயக்கத்துக்குக் கரைந்தன. 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார்.

மூன்றாவது வரலாற்றுக்கு அழகர்கோவில் சாலையில் இன்னும் வடக்கே போக வேண்டும். அப்பன்திருப்பதிக்கு அருகே பில்லுசேரி. அங்கே வாழ்ந்த சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு, கொத்து என்பார்கள், தலைவி. நடவுக்கு எத்தனை பேர், கூலி எவ்வளவு, யாருக்கு முடியவில்லை, யார் பிள்ளைக்காரி என்று பார்த்து, நிலக்காரரிடம் பேசி முடித்து, வந்த கூலியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வயதானவளையும் கொத்தில் சேர்த்து அவளுக்கும் முழுக்கூலி வாங்கித் தருவது அவர் வழக்கம் என்று பேசப்பட்டது.

தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கம் இந்தப் பகுதியில் வேர் விட்டது 1990-களில். பத்திருபது பெண்கள் ஒரு குழு. மாதம் ஒரு சிறு தொகை சேமிப்பு. சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினருக்கே கடன். வட்டியும் குழுவுக்கே திரும்பும். கந்துவட்டிக்காரரிடம் தாலியை அடகு வைக்கிற ஊரில் இது சாதாரண மாற்றம் அல்ல. சின்னப்பிள்ளை வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தார். கூலிக் கணக்கை மனசிலேயே வைத்துப் பழகியவருக்குக் கடன் கணக்கு புதிதாகத் தோன்றவில்லை. கண்மாயில் மீன் பிடிக்கும் குத்தகையை ஊரின் செல்வாக்குள்ளவர்களிடமிருந்து பெண்கள் குழுவுக்கு வாங்கிக் கொடுத்ததிலும் அவர் முன்னே நின்றார்.

1999-ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருதை டெல்லியில் வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் புகைப்படம் நாடெங்கும் வந்தது. படத்தில் நிற்பவர் யாருடைய கூலிக்காகப் பேசினார், எந்தக் கண்மாய்க்காக நின்றார் என்பது அவ்வளவு தூரம் போகவில்லை. வெற்றிலைக் கதையால் மங்கம்மாளுக்கு நேர்ந்ததுதான் இவருக்கும்: மனசில் பதிந்தது ஒரு காட்சி, பின்னால் போனது வேலை. அந்தக் கல்லூரிகளின் மாணவிகளுக்குப் பயன்படுவது வேலைதான். எதிரியோடு எப்போது கூட்டுச் சேரலாம், கூலியை எப்படிப் பேசி முடிக்கலாம் என்பதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. வணங்கி வைப்பதற்கானவை அல்ல.

2018-இல் தமிழக அரசின் அவ்வையார் விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் சின்னப்பிள்ளைக்கு வந்தன. தனக்கு இன்னும் சரியான வீடு இல்லை என்று அவர் சொன்னது 2024-இல் செய்தியாக வந்தது; அதன் பிறகு, அந்த ஆண்டு மார்ச்சில், மனையும் புது வீடும் வழங்க மாநில அரசு உத்தரவிட்டது.