கண்டி மலைமண்ணின் புளிப்பு

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டியை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார் என்பது நம் மாணவர் ஒப்பிக்கும் செய்தி. காடழித்துக் குழி தோண்டிய தமிழ்த் தொழிலாளர் அச்செய்தியில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவர்கள் தோண்டிய மண்ணும் இடம்பெறுவதில்லை. அம்மண்ணின் புளிப்பைப் பற்றியே நாம் இங்குப் பேச விழைகின்றோம்.

புளிப்புக்குக் காரணம் யாது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் இலவோசியே, அமிலங்களுக்கெல்லாம் உயிர் ஒட்சிசனே என்று கருதி, 'அமிலத்தை ஆக்குவது' எனப் பொருள்படும்படி அதற்குப் பெயரிட்டார். 1810இல் ஹம்பிரி டேவி, குளோரீன் ஒரு மூலகம் என்றும், உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் ஒட்சிசன் அறவே இல்லையென்றும் காட்டினார். ஆயினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. பொய்யென்று தெரிந்த பின்னும் பட்டத்தோடு வீற்றிருப்பது இரசாயனத்தில் மட்டும் காணும் வழக்கமன்று! சுவீடனின் அரீனியசு, நீரில் ஐதரசன் அயனைத் தருவது அமிலம் என்றார். 1923இல் புரொன்ஸ்ரெட்டும் லௌரியும் தனித்தனியே, புரோத்தனை ஈவது அமிலம் என்றனர்.

அதே ஆண்டில் அமெரிக்கராகிய கில்பர்ட் லூயிஸ் கேள்வியையே திருப்பிப் போட்டார். எதைக் கொடுக்கிறது என்பதை விடுத்து எதை ஏற்கிறது என்று கேட்டார். பிறிதொன்றின் இலத்திரன் சோடியை ஏற்றுப் பிணைப்பை உண்டாக்குவது எதுவோ அது அமிலம். அதனிடம் ஐதரசன் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. இக்கருத்து உடனே செல்வாக்குப் பெறவில்லை. 1938இல் அவரே அதனை மீண்டும் விரித்துரைத்தார். இதற்கு வழமையாகச் சொல்லப்படும் உதாரணம் போரன் முப்புளோரைட்டு என்னும் வாயு. மலையகப் பாடசாலை மாணவருக்கு அது வெறும் பெயர். ஆனால், பாடசாலை வேலிக்கு அப்பாலேயே வேறோர் உதாரணம் கிடக்கின்றது.

இம்மலைகளில் பன்னெடுங்கால மழை, மண்ணின் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழுவிச் சென்றுவிட, அலுமினியம் எஞ்சிற்று. மண் போதிய அளவு புளித்ததும் அது களியிலிருந்து அயனாக வெளிப்படும். மூன்று நேரேற்றம் கொண்ட அச்சிறிய அயன், ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொன்றின் ஒட்சிசனிடமிருந்தும் ஓர் இலத்திரன் சோடியை ஏற்கின்றது. அந்த இழுப்பில் நீரின் ஐதரசனைப் பற்றியிருந்த பிணைப்புத் தளர்ந்து, புரோத்தன் கழன்று மண்ணீரில் சேர்கின்றது. தன்னிடம் ஐதரசன் இல்லாத ஒன்று மண்ணை மேலும் புளிக்கச் செய்கின்றது! இப்புளிப்பு ஐதரசனாலா, அலுமினியத்தாலா என்று மண்ணியலார் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நெடுங்காலம் வாதிட்டனர்; 1950களிலேதான் அலுமினியத்தின் பங்கு உறுதிபெற்றது. அமிலமென்றால் ஐதரசன் என்று பழகிய கண்ணுக்கு எதிரே நின்றது புலப்படவில்லை போலும்.

பல பயிர்களின் வேர்களை இவ்வயன் வளரவிடாது. தேயிலையோ அதனை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் தேக்கிக்கொண்டு செழிக்கின்றது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. விளைச்சலைப் பெருக்க ஆண்டுதோறும் இட்ட அமோனியஞ் சல்பேற்று, நைத்திரேற்றாக மாறுகையில் மேலும் புரோத்தன்களை வெளிவிடும். அதைத் தணிக்கவே கவ்வாத்தை ஒட்டி டொலமைட் தூவுகின்றனர். கண்டிக்கருகே திகணையில் வெட்டியெடுக்கப்படும் கல்லின் தூள் அதற்குப் பயன்படுகின்றது. அதன் காபனேற்றுப் புரோத்தனை வாங்கிக்கொள்ள, அலுமினியம் ஐதரொட்சைட்டாகப் படிந்து அடங்கும். மூட்டையைச் சுமந்து சரிவில் ஏறித் தூவுவோர் தொழிலாளர். அத்தூள் எந்த அயனை அடக்கப் போகிறது என்பது அவர்தம் பிள்ளைகள் பயிலும் உயர்தர இரசாயன வகுப்பிலும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.