மட்டாஞ்சேரி: முதலியார் முதல் வார்டு குழு வரை

கொச்சித் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த மட்டாஞ்சேரியில் கொங்கணிகள், குஜராத்திகள், யூதர்கள், தமிழர்கள் எனப் பல சமூகத்தார் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தமையால், ஆட்சியாளரிடம் ஊர்க்குறையை எடுத்துரைப்பவர் யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் சமூகத் தலைமையே விடையாக இருந்தது. 1568இல் இங்கு தொழுகைக்கூடம் எழுப்பிய யூதர்களுக்காக அரசவையில் பேசியவர், கொச்சி மன்னர் வழங்கிய ‘முதலியார்’ என்னும் பட்டத்தைத் தாங்கிய அவர்களது தலைவரே ஆவார்.

இடத்தை அடிப்படையாகக் கொண்ட உள்ளாட்சி, ஆங்கிலேயர் வசமிருந்த அண்டைக் கோட்டைக் கொச்சியில் முதலில் வேரூன்றியது. அங்கு 1866இல் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் நகராட்சி அமைந்தது. உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு இடமளிக்க வேண்டுமென ரிப்பன் பிரபுவின் அரசு 1882இல் தீர்மானித்ததற்கு மறு ஆண்டே தேர்தலும் நடைபெற்றது. மன்னராட்சிக்கு உட்பட்ட மட்டாஞ்சேரிக்கோ, ஊரின் பொதுக்காரியங்களைக் கவனிக்கும் நகரவை 1896இல்தான், எர்ணாகுளத்துக்கும் சேர்த்து, கிடைத்தது. இவ்வாறு தனித்தனியே வளர்ந்த மூன்று நகராட்சிகளும் சுற்றுப்புறப் பகுதிகளும் 1967 நவம்பர் 1 அன்று ஒரே மாநகராட்சியாக இணைந்தபோது நிர்வாகம் விரிந்தது. ஆனால் அது தெருவிலிருந்து தொலைவாகவும் போனது.

அத்தொலைவைக் குறைக்க முயன்றதே வார்டு குழு, அதாவது மாமன்ற உறுப்பினரின் தலைமையில் அவ்வட்டாரத்தவர் கூடி வளர்ச்சிப் பணிகளைப் பரிந்துரைக்கும் ஆலோசனை அமைப்பு. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு இத்தகைய குழுக்களை அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் விதித்திருக்க, 1994ஆம் ஆண்டுக் கேரள நகராட்சிச் சட்டம் ஒரு லட்சத்தைக் கடந்த நகரங்களிலேயே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழுவை வகுத்து, குடியிருப்போர் சங்கங்களுக்கும் அண்டை வீட்டார் கூடும் அயல்கூட்டங்களுக்கும் அதில் இடமளித்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முனைந்ததால், ஆலோசனைக்குப் பொருளும் கிடைத்தது.

எனினும் இக்குழு பரிந்துரைக்கலாமேயன்றி முடிவு மாமன்றத்திடமே உள்ளது என்பதால், அதைக் கூட்டும் உறுப்பினரின் அக்கறையே அதன் வலிமைக்கு அளவாகிறது. ஆயினும் பேசும் உரிமை கைமாறிய வகை கருதத்தக்கது: 1998இல் தோன்றிய, கேரள அரசின் மகளிர்வழி வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு பெண் உறுப்பினராக இருப்பதால், ஒரு சமூகத்துக்காக ஒருவரே பேசிய ஊரில் ஒரு தெருவுக்காகப் பல பெண்கள் பேச இன்று சட்டம் வழிவிட்டிருக்கிறது.