பனிக்கூரைக்கு அடியில் போனவை

கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவன் நான். கடலடி ரோபோ எதைக் கண்டுபிடித்தது என்பதைவிட, அது எப்படித் திரும்பியது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஜி.பி.எஸ். சமிக்ஞை கடல்நீருக்குள் இறங்காது. மற்ற கடல்களில் கோளாறு என்றால் எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வந்து கூப்பிடலாம். துருவத்தில் மேலே வந்தால் பனிதான் இடிக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1972இலேயே இந்தத் தொல்லையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆர்க்டிக்கில் மிதந்த டி-3 பனித்தீவில் முகாமிட்டு, ‘யு.ஏ.ஆர்.எஸ்.’ என்ற கருவியைப் பனியில் துளை போட்டு இறக்கினார்கள். அது பனியின் அடிப்பக்க மேடுபள்ளத்தை அளந்தது. மேலிருந்தவர்கள் ஒலியை வைத்து அதன் இருப்பிடத்தைக் கணித்தார்கள். 1996இல் கனடாவின் ‘தீசியஸ்’ ரோபோ பனிக்கடியில் கண்ணாடியிழை கேபிள் போட்டது. அது ராணுவ வேலை, விட்டுவிடுவோம்.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் ‘ஆட்டோசப்’ கதை. 2005 பிப்ரவரியில் ஆட்டோசப்-2 அண்டார்டிகாவின் ஃபிம்புல் பனித்தட்டுக்கு அடியில் போனது, திரும்பவில்லை. விசாரணை வைத்தும் காரணம் இன்னதென்று உறுதியாகவில்லை. இத்தோடு போதும் என்று யாரும் சொல்லியிருக்கலாம். அவர்களோ 2009 ஜனவரியில் பைன் தீவுப் பனியாற்றின் மிதக்கும் முனைக்கு அடியில் ஆட்டோசப்-3ஐ அனுப்பினார்கள். ஏழு மீட்டர் நீளம். மின்சாரத்துக்கு, டார்ச் லைட்டில் போடுகிற அதே குண்டு பேட்டரிகள் 5,000! இந்த விவரம் எனக்கு அலுப்பதே இல்லை. ஒரு பயணத்தில் பனியில் மோதி அடிபட்டும், தானே வழி பார்த்து வந்து சேர்ந்தது. கடல்தரையில் சுமார் 300 மீட்டர் உயர முகடு இருப்பதை அது கண்டது. பனியாறு முன்பு அந்த முகட்டில் ஊன்றி நின்றது. பிடி விட்டபின் வெதுவெதுப்பான நீர் அதைத் தாண்டி உள்ளே போய்ப் பனியை அடியிலிருந்து கரைக்கிறது.

ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்து ‘ரான்’ ரோபோ 2022இல் அண்டார்டிகாவின் டாட்சன் பனித்தட்டுக்கு அடியில் 27 நாள் வேலை பார்த்து, 140 சதுர கிலோமீட்டர் பனிக்கூரையைச் சோனாரால் படம் பிடித்தது. மட்டமான கூரை அல்ல: படிக்கட்டுகள், மேட்டுச் சமதளங்கள், கண்ணீர்த்துளி வடிவக் குழிகள். குழிகள் எப்படி உண்டாயின என்பதில் விஞ்ஞானிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதே பனித்தட்டுக்கு 2024 ஜனவரியில் மறுபடி போன ரான், குறித்த இடத்துக்கு வரவில்லை. கப்பலிலிருந்து தேடியும் கிடைக்கவில்லை.