ஹெட்டி மெக்டானியல்: வேலைக்காரியாக நடித்தவர் வென்ற வழக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

1940 பெப்ரவரி 29. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் ஒஸ்கார் விருது விழா. 'கோன் வித் த விண்ட்' படத்தின் நட்சத்திரங்கள் தயாரிப்பாளரோடு இருக்கிறார்கள். அந்தப் படத்தில் மேமி என்ற பணிப்பெண்ணாக நடித்தவருக்கு மட்டும் மண்டபத்தின் ஓரத்தில், சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன மேசை. அந்த ஹோட்டல் கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்பதில்லை. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்டபடியால்தான் அவரால் உள்ளே வரவே முடிந்தது. அன்றிரவு சிறந்த துணை நடிகைக்கான விருது அவருக்கே கிடைத்தது. ஒஸ்கார் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பெயர் ஹெட்டி மெக்டானியல்.

அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். தடையை உடைத்த சாதனையாளர் என்பார்கள் சிலர். வெள்ளையருக்கு ஏவல் செய்யும் வேலைக்காரியாகவே நடித்துத் தன் இனத்தைத் தாழ்த்தியவர் என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் பார்ப்பது திரையை மட்டும்தான். திரைக்கு வெளியே அவர் நடத்திய ஒரு வழக்கு உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மனுஷி யார் என்று விளங்கும்.

ஹெட்டி 1893இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். 13 பிள்ளைகளில் கடைசி. தாயும் தந்தையும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை ஹென்றி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் கறுப்பினப் படைப்பிரிவில் இருந்து போரிட்டவர். குடும்பம் முழுக்கப் பாட்டும் நாடகமும். ஹெட்டியும் பாடகியாகி மேடை மேடையாக ஊர் சுற்றினார். 1929இல் பொருளாதாரம் சரிந்தபோது மேடைகள் மூடப்பட்டன. மில்வோக்கி நகருக்கு அருகில் ஓர் இரவு விடுதியில் அவருக்குக் கிடைத்த வேலை, பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்வது. பிறகு அதே விடுதியின் மேடையில் பாட விட்டார்கள்.

1931இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தார். வானொலியில் பாடினார், பேசினார். அந்தச் சம்பளம் போதவில்லை. ஆகவே வீட்டு வேலைக்குப் போனார். திரையில் வேலைக்காரியாக நடிக்க வருமுன்பே அவர் வேலைக்காரியாக வாழ்ந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஹொலிவூட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேறு என்ன பாத்திரம் இருந்தது? 1934 முதல் கண்டிப்பாக அமுலான தயாரிப்பு விதிக்கோவை, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையில் காட்டுவதைத் தடை செய்தது. தென் மாநிலத் தணிக்கையாளர்களோ கறுப்பினத்தவர் சமமாக வரும் காட்சிகளை வெட்டி எறிந்தார்கள். லீனா ஹோர்ன் போன்ற அழகான பாடகியின் பாடல்களைக்கூட, கதையோடு ஒட்டாமல், வெட்டினாலும் தெரியாதபடி தனியாகவே படம் பிடித்தார்கள். மிஞ்சியது சமையலறையும் துணி துவைக்கும் இடமும்தான்.

அந்தச் சமையலறைக்குள் ஹெட்டி என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1935இல் வந்த 'அலிஸ் அடம்ஸ்' படத்தில் ஒரு நாளைக்கு வாடகைக்கு அமர்த்தப்பட்ட பணிப்பெண்ணாக வருவார். வசதியுள்ளவர்கள் போல வேஷம் போடும் ஒரு குடும்பத்தின் விருந்தில் பரிமாற வேண்டும். அவருடைய ஒரு சலிப்புப் பார்வை, நழுவும் தொப்பி, இழுத்து இழுத்து நடக்கும் நடை, இவற்றாலேயே அந்தக் குடும்பத்தின் பொய் முழுவதும் அம்பலமாகிவிடும். 'எஜமானரை மதிக்காத வேலைக்காரி' என்று தெற்கிலே சிலர் கோபப்பட்டார்களாம். கோபம் வந்ததென்றால் நடிப்பு எங்கோ சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மேமி பாத்திரமும் அப்படித்தான். எழுதப்பட்டது, எஜமானர் குடும்பத்துக்காகவே வாழும் ஓர் அடிமைப் பெண்ணாக. ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் ஸ்கார்லெட்டின் பொய்களை முகத்துக்கு நேரே பார்ப்பவள் மேமி மட்டும்தான். குழந்தை இறந்த பின், மெலனியோடு படியேறிக்கொண்டே வீட்டில் நடந்ததை அழுதழுது சொல்லும் காட்சி ஒன்று உண்டு. ஒஸ்கார் அந்தக் காட்சிக்கே கிடைத்தது என்பார்கள். மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹவிலண்டும் அதே விருதுக்குப் போட்டியிட்டவர்தான்.

அந்தப் படம் அடிமை முறையை ஓர் அழகான பழங்காலமாகக் காட்டியது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் முதல் காட்சி. நிறப்பிரிவினைச் சட்டம் காரணமாக ஹெட்டியாலும் ஏனைய கறுப்பின நடிகர்களாலும் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. அதற்கு முந்தைய இரவு விருந்தில் அடிமை வேஷம் போட்டுப் பாடிய தேவாலயப் பாடகர் குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

விருதுக்குப் பிறகு பாத்திரங்கள் மாறவில்லை. அதே ஏப்ரன், அதே தலைத்துணி. 1942இல் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர்களில் ஒருவரான வோல்டர் வைட் ஹொலிவூட்டுக்கு வந்து, இந்த வேலைக்காரப் பாத்திரங்களை நிறுத்துங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் அந்தப் பாத்திரங்களால் சோறு சாப்பிட்டவர்களிடம் அவர் முதலில் பேசவில்லை என்பது ஹெட்டியின் மனக்குறை. வேலைக்காரியாக நடித்தால் வாரம் 700 டொலர், வேலைக்காரியாக இருந்தால் வாரம் 7 டொலர், நான் எதைத் தெரிவு செய்யட்டும் என்ற கருத்தில் அவர் சொன்ன பதில் பிரபலமானது. இரண்டையும் செய்து பார்த்தவரின் பதில் அது.

இனி அந்த வழக்கு. திரையில் உழைத்த பணத்தில் ஹெட்டி, லொஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் அடம்ஸ் பகுதியில் ஒரு பெரிய வீடு வாங்கினார். வசதியான கறுப்பினத்தவர் குடியேறியதால் அந்த இடத்தை 'சுகர் ஹில்' என்று அழைத்தார்கள். லூயிஸ் பீவர்ஸ், எதெல் வோட்டர்ஸ் போன்ற கலைஞர்களும் அங்கே இருந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், அந்தக் காணிகளின் உறுதியிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கவோ, அவர்கள் குடியிருக்கவோ கூடாது. இதைக் காட்டி வெள்ளை அயலவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்பதே கோரிக்கை.

ஹெட்டி எழும்பவில்லை. பாதிக்கப்பட்ட அயலவர்களைத் தன் வீட்டில் கூட்டிப் பேசினார். அவர்களுக்காக வாதாடியவர் லோரன் மில்லர் என்ற கறுப்பினச் சட்டத்தரணி. 1945 டிசம்பரில் நீதிபதி தேர்மண்ட் கிளார்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் கறுப்பினத்தவருக்குத் தந்த உரிமைகளை முழுமையாக வழங்கும் நேரம் வந்துவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். மூன்று வருடத்தில், 1948இல், இப்படியான நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமுல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அங்கும் வாதாடியவர்களில் லோரன் மில்லர் ஒருவர்.

வேலைக்காரியாக நடித்துச் சம்பாதித்த பணம்தான் அந்த வீடாகியது. அந்த வீடுதான் வழக்காகியது. அவர் இனத்துக்கு என்ன செய்தார் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

1947இல் 'பியூலா' என்ற வானொலித் தொடரின் தலைமைப் பாத்திரம் கிடைத்தது. அதுவரை அந்தக் கறுப்பினப் பெண்ணின் குரலைக் கொடுத்தவர்கள் வெள்ளை ஆண்கள்! கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் கொச்சை உச்சரிப்பில் பேசமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் ஹெட்டி அதை ஏற்றார். இதுவும் வேலைக்காரப் பாத்திரம்தான். ஆனால் இந்த முறை பேச்சு அவருடையது.

1952 ஒக்டோபர் 26 அன்று மார்பகப் புற்றுநோயால் காலமானார். ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது விருப்பம். அது வெள்ளையருக்கு மட்டுமான மயானம். மறுத்துவிட்டார்கள். ரோஸ்டேல் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 1999இல்தான் ஹொலிவூட் மயானத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

விருதின் கதை இன்னும் சோகமானது. தன் ஒஸ்காரை ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அது அங்கிருந்து காணாமல் போனது. அவருக்குப் பிறகு ஒரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஒஸ்கார் வாங்க 51 வருடம் ஆனது. 1991இல் வூப்பி கோல்ட்பெர்க். 2023 ஒக்டோபரில் ஒஸ்கார் அகடமி புதிதாக ஒரு விருதுப் பலகை செய்து அதே பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.

உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் எந்தக் கதவால் உள்ளே வந்தார் என்று பார்ப்பதோடு, அன்று அவருக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்றும் கேளுங்கள். உள்ளே வந்தபின் என்ன செய்தார் என்பது அடுத்த கேள்வி. இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

வோல்டர் வைட் சரியா, ஹெட்டி சரியா? உங்கள் கருத்தை கொமென்டில் எழுதுங்கள்.