காந்தக்கோளத் துணைப்புயலும் நமது அச்சமும்

2024 மே 10, 11ஆம் திகதிகளில் பூமியைத் தாக்கிய காந்தப்புயல், அதற்கு முந்திய இரு தசாப்தங்களில் ஏற்பட்டவற்றுள் மிக வலியது. லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கமெராக்களிலும் செந்நிற ஒளி பதிவாகியது. இத்தகைய செய்திகள் வெளியாகும்போது, கைத்தொலைபேசிகளை இரவில் அணைத்துவிடுமாறு எச்சரிக்கும் வதந்திகளும் உடன் பரவுகின்றன. வதந்திக்கு மருந்து தெளிந்த அறிவே.

அவ்வறிவைத் தமிழில் வழங்குவதில் மானிப்பாய்க்கு நீண்ட மரபு உண்டு. 1842இல் யாழ்ப்பாண அகராதி அச்சேறியது இங்குதான். அதனாலேயே அது மானிப்பாய் அகராதி எனவும் வழங்கலாயிற்று. மேலைத்தேய மருத்துவத்தை வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் கற்பித்ததும் இங்கேயே. அம்மரபைப் பின்பற்றி, காந்தக்கோளத் துணைப்புயலைத் தமிழில் விளக்க முற்படுகின்றோம்.

சூரியனிலிருந்து புரோத்தன்களும் இலத்திரன்களும் செக்கனுக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகத்தில் இடையறாது வீசுகின்றன. இதுவே சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் அதனைத் தடுத்துத் திருப்புகின்றது. இவ்வாறு உருவாகும் காப்பரணே காந்தக்கோளம். சூரியனை நோக்கிய பக்கத்தில் அது அமுங்கியும், மறுபக்கத்தில் சந்திரனின் பாதைக்கும் அப்பால் வால்போல் நீண்டும் கிடக்கின்றது.

சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருப்பின், அது பூமியின் புலத்தோடு இணைந்து, வாற்பகுதியில் சக்தியைச் சேர்க்கின்றது. சிறுவர்கள் ‘கெற்றப்போல்’ எனும் கவணின் இறப்பரை இழுப்பதுபோல், புலக்கோடுகள் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இழுபடுகின்றன. பின்னர் அவை வாலின் நடுவே அறுந்து, மறுபடி இணைந்து, பூமியை நோக்கிச் சுருங்குகின்றன. அவ்வேளையில் துணிக்கைகள் உந்தப்படுகின்றன. பந்தற்காலைச் சுற்றிப் படரும் கொடிபோல் இலத்திரன்கள் புலக்கோடுகளைச் சுற்றியவாறு துருவ வளிமண்டலத்தில் இறங்கி, ஒளித்திரைகளைத் தோற்றுவிக்கின்றன. சில மணித்தியாலங்களில் யாவும் அடங்கிவிடும். பெரும் காந்தப்புயலோ நாட்கணக்கில் நீடிக்கும். அதனுள் பல துணைப்புயல்கள் அடுத்தடுத்து எழும்.

துருவ ஒளியில் காணப்படும் இப்படிமுறையை அக்காசோபு என்ற அறிஞர் 1964இல் விவரித்தார். 2007இல் ஏவப்பட்ட நாசாவின் ஐந்து ‘தெமிஸ்’ செய்மதிகள், 2008இல் பதிவான ஒரு துணைப்புயலில், சந்திரனுக்குள்ள தூரத்தின் மூன்றிலொரு பங்களவில் புலக்கோடுகள் அறுந்திணைந்ததையும், அதன் பின்னரே ஒளி பிரகாசித்ததையும் காட்டின.

துருவத்து நிகழ்வு நம்மை எவ்வாறு தொடும்? காந்த நடுக்கோடு இலங்கைத்தீவின் ஊடாகவே செல்கின்றது. ஆகவே மானிப்பாயில் புலக்கோடுகள் நிலத்துக்கு ஏறத்தாழச் சமாந்தரமானவை. இந்நடுக்கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில், பகல்வேளையில் கிழக்கு நோக்கி வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. துணைப்புயலின்போது துருவப் பகுதியில் எழும் மின்புலம் ஏறத்தாழ உடனடியாகவே இங்கு ஊடுருவி, அம்மின்னோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். தமிழ்நாட்டின் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் நடத்தும் ஆய்வுகூடம் இத்தகைய மாற்றங்களை ஆராய்கின்றது.

திசையறிகருவியை நம்பிக் கடலோடும் மீனவரும், அதன் துணையுடன் கிப்லாத் திசையறியும் முஸ்லிம் சகோதரரும் கலங்கவேண்டியதில்லை. நமது பகுதியில் புயலால் ஊசி விலகும் அளவு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. 1989 மார்ச் 13இல் கியூபெக்கில் அறுபது இலட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணித்தியாலங்கள் மின்சாரமின்றித் தவித்தமைக்கு, அம்மாகாணம் துருவ ஒளி வலயத்தை அண்மித்திருந்தமையும் அதன் நெடிய மின்வழிகளும் முக்கிய காரணங்கள். நமக்குள்ள இடர் வேறு. அயனமண்டலம் குழம்பும்போது செய்மதிச் சமிக்ஞைகள் தடுமாறி, ஜீபீஎஸ் காட்டும் இடம் பிசகக்கூடும். ஆழ்கடல் செல்வோர் திசையறிகருவியையும் உடன் கொண்டுசெல்வது நன்று.

கைத்தொலைபேசி பற்றிய அச்சம் வீணானது. காந்த நடுக்கோட்டின் அயலில் வாழும் நாம் அதைப்பற்றி அறியாதிருப்பதே இழப்பு. வடக்கின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் பௌதிகவியல் ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.