அரிவாளை மழுக்கிய தாள்

கத்தியின் கூரைக் கெடுப்பவை கல்லும் இரும்புமே என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் கம்மாலையிலே தீட்டிக் கொணர்ந்த புதுக் கத்தியை மழுக்குதற்கு வெறுங் கடதாசியே போதும். மினுமினுப்பான கடதாசியின் மேற்பூச்சில் வெண்களிமண் சேர்ந்திருத்தலால், அதனை நாள்தோறும் வெட்டும் கத்தி விரைவில் வாய் மழுங்கிவிடும். மண் கழுவாத கிழங்கும் மணல் படிந்த கயிறும் அத்தகையனவே. இவற்றிலெல்லாம் கேடு செய்வது புறத்தேயிருந்து வந்து கலந்த மண். மண்ணும் மணலும் ஒட்டாத, கையால் முறிக்கத்தக்க ஒரு மெல்லிய பொருள் தன்னகத்தே கல்லை ஒளித்து வைத்துக்கொண்டு கத்தியை மழுக்குமாயின் அதுவன்றோ வியப்பு! நெல், கோதுமை, வாற்கோதுமை முதலிய புல்லினப் பயிர்களின் தாள் அத்தகையது.

புல்லினப் பயிர்கள் மண்ணிலே கரைந்துள்ள சிலிக்கா என்னும் பொருளை வேர்வழியே நீரோடு உறிஞ்சுகின்றன. நீர் ஆவியாகிப் போக, சிலிக்கா மாத்திரம் தண்டிலும் இலையிலும் உமியிலும் கண்ணாடியையொத்த நுண்டுணிக்கைகளாகத் தங்கிவிடுகின்றது. நெல்லுமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவே. வயலில் இறங்கியவர் உடம்பை அரிக்கும் சுணையும், விரலை அறுக்கும் இலை விளிம்பும் இதனாற் பெற்ற வன்மையே. 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்பார் கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வகுத்தார். அவ்வளவுகோலின்படி பயிரிலுள்ள சிலிக்கா ஐந்துக்கும் ஆறரைக்கும் இடைப்பட்டது. பதமேற்றாத சாதாரண இரும்பு இதனினும் மெலிது. ஒரு தாளை அறுப்பதாற் கேடொன்றுமில்லை. பொழுது விடிந்தது முதல் சாயும்வரை பிடிபிடியாக அறுக்கும் அரிவாளோ மெல்ல மெல்ல அரைபட்டுப் போகின்றது.

தாவரத்துக்குள் கல்லுண்டு என்பதை மேனாட்டு அறிஞர் கண்டறிந்தது புல்லினத்திற் பெரிதாகிய மூங்கிலில். நம்மவர் மருத்துவத்தில் மூங்கிலுப்பு என வழங்கும் பொருள் இந்தியாவிலிருந்து இலண்டன் அரச கழகத்துக்கு அனுப்பப்பட, அதனைச் சோதித்த ஜேம்ஸ் ஸ்மித்சன் அது பெரும்பாலும் சிலிக்காவே என 1791இல் எழுதினார். பிற்காலத்தில் தமது செல்வத்தை அமெரிக்க நாட்டுக்கு விட்டுச் சென்று, அங்கே ஒரு பெரிய கலைக்கழகம் எழக் காரணமானவரும் இவரே.

சரித்திர ஆராய்ச்சிக்கு இச்செய்தி பயன்பட்டது நூறாண்டு கழிந்த பின்னர். 1889-90இல் எகிப்து தேசத்துக் காகூன் என்னுமிடத்தை அகழ்ந்த பிளிண்டர்ஸ் பீற்றி, மரத்தாலாகிய பழைய அரிவாளொன்றைக் கண்டெடுத்தார். அதன் வாயிலே இரும்பில்லை. சக்கிமுக்கிக் கல்லாலான பற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. இத்தகைய கற்களின் விளிம்பிலே நெய் பூசினாற்போன்ற ஒரு பளபளப்புக் காணப்படுவதுண்டு. அது எதனால் வந்தது? ஸ்பரெல் என்பார் ஊகத்தோடு நின்றுவிடாமல், சக்கிமுக்கிக் கல்லாலேயே எலும்பையும் கொம்பையும் மரத்தையும் முற்றிய தாளையும் அறுத்துப் பார்த்தார். தாளை அறுத்தபோதே அப்பளபளப்பு உண்டாயிற்று. 1892இல் அவர் வெளியிட்ட இம்முடிவை, 1930ஆம் ஆண்டளவில் செசில் கேவன் மேலும் ஆராய்ந்து வலியுறுத்தினார். கேவன் தொழிலால் ஒரு வைத்தியர் என்பதும் கருதத்தக்கது.

ஆகவே, கூரைத் தேய்த்த பொருளே தான் தேய்த்ததற்குச் சாட்சியையும் கருவியின்மேல் எழுதிச் சென்றது. அச்சாட்சியை வாசிக்கப் புகுந்தவிடத்தில் ஒரு பெரிய வினா எழுந்தது. பாலஸ்தீனத்துக் கார்மேல் மலைக் குகைகளை 1929 முதலாக அகழ்ந்த டொறதி கறட் அம்மையார், நட்டூபியர் எனத் தாம் பெயரிட்ட பழங்குடியினரின் எலும்புப் பிடியரிவாள்களையும் பளபளப்பேறிய கற்பற்களையும் கண்டார். மட்கலம் வனைய அறியாத அம்மக்கள் பயிர்த்தொழில் அறிந்திருந்தனர் என்பது அவர் கொண்ட முடிவு. உலகின் முதல் உழவரைக் கண்டுபிடித்தாயிற்று என்றே பலரும் எண்ணினர்.

இங்கேதான் அவசரம் நேர்ந்தது எனலாம். பளபளப்பு அறுவடையைக் காட்டுமேயன்றி விதைப்பைக் காட்டாது. தானே முளைத்த காட்டுக் கோதுமையும், நீரோரத்து நாணலும் கல்லின்மேல் தத்தம் தடத்தைப் பதிக்கவல்லன. 1966இல் ஜாக் ஹார்லன் என்னும் அமெரிக்கப் பயிரியல் அறிஞர் துருக்கி நாட்டு மலைச்சாரலில் இறங்கி, சக்கிமுக்கிக் கல்லரிவாளால் காட்டுக் கோதுமையைத் தாமே அரிந்து பார்த்தார். ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட தூய தானியம் கிடைத்தது. உழாமலும் விதையாமலும் ஒரு குடும்பம் சில வாரங்களில் ஓராண்டு உணவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதனாற் புலனாயிற்று. கலிலேயக் கடலோரத்து ஒகாலோ என்னுமிடத்தில், ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பொன்றிலும் பளபளப்பேறிய சில கல்லலகுகள் உண்டென 2016இல் அறிவிக்கப்பட்டது. முறையான உழவு தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தாள் கருவியை மழுக்கத் தொடங்கிவிட்டது.

மழுங்கும் கருவிக்கு மாற்று வேண்டுமே! கல் அரிதான தென் மெசொப்பொத்தேமியாவிலே மக்கள் களிமண்ணைக் கடினமாகச் சுட்டு அரிவாள் செய்தனர். விரைவில் மழுங்குவதும் ஒடிவதும் அதன் இயல்பு. ஆயினும் மண்ணுக்குப் பஞ்சமில்லையே! அவ்வுடைசல்கள் இன்றும் பழைய மேடுகளிலே ஏராளமாகக் கிடைக்கின்றன. செம்பும் வெண்கலமும் வந்தபின்னும், ஏன், இரும்பு வந்தபின்னுங்கூடப் பாலஸ்தீனத்து உழவர் சிலகாலம் கற்பற்களைக் கைவிட்டாரல்லர். விலையுயர்ந்த உலோகத்தைத் தாளுக்கு இரையாக்குவதிலும், தேய்ந்த பல்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பதிப்பது அவர்க்கு எளிதாயிருந்தது போலும்.

இரும்பரிவாள் நிலைபெற்றபோது கொல்லர் அந்தப் பல்வரிசையை முற்றாக மறந்துவிடவில்லை. பனைமட்டையின் கருக்கைப் போன்ற நுண்பற்களை அலகிலேயே வெட்டினர். மட்டமான வாயுடைய கத்தி மழுங்கியதும் தாளின்மேல் வழுக்கும். பல்லுடைய அரிவாளிலோ பல்லின் நுனி தேய்ந்தாலும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் கூர்கெடாமல் நின்று தாளைப் பற்றி இழுத்து அறுக்கும். அதனால் வரப்பிலிருந்து தீட்டிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும். மட்டக்களப்பு வயல்களில் வேளாண்மை வெட்டுக்கென எடுக்கும் தாக்கத்தியின் உட்புறத்தை விரலால் தடவினால் அந்தப் பற்கள் தட்டுப்படும்.