டக்காட்டா ஏர்பேக் ரீகால்

ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் இருந்த குறைபாட்டால், 2008 முதல் உலகெங்கும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டு வருகின்றன. வாகன வரலாற்றில் இதைவிடப் பெரிய ரீகால் நடந்ததில்லை. 19 கார் நிறுவனங்களின் வண்டிகள் இதில் சிக்கின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளும், உலக அளவில் ஏறத்தாழ 10 கோடியும் மாற்றப்பட வேண்டியவையாக இருந்தன. இந்தக் குறைபாட்டால் அமெரிக்காவில் 28 பேர் இறந்ததை அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. காயமுற்றோர் 400 பேருக்கு மேல்.

ஸ்டியரிங்கின் நடுவிலும் டாஷ்போர்டுக்குள்ளும் மடித்து வைத்திருக்கும் பையை ஊதிப் பெருக்குவது இன்ஃப்ளேட்டர் என்னும் சிறு உலோகக் குப்பி. அதற்குள் வேதிப்பொருளை வில்லைகளாக அழுத்தி அடைத்திருப்பார்கள். மோதலை சென்சார் உணர்ந்ததும் வில்லைகள் பற்றி எரிந்து வாயுவாகி, சுமார் 30 மில்லிசெகண்டில் பையை நிரப்பிவிடும். டக்காட்டா 2000-ஐ ஒட்டி இந்த வில்லைகளுக்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. விலை குறைந்த இந்தப் பொருளுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. பகலில் சூடேறி இரவில் குளிரும் காருக்குள், புழுக்கமான ஊர்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வில்லை இறுக்கம் இழந்து பொடியத் தொடங்கும். பொடிந்தது வேண்டியதைவிட வேகமாக எரியும். அந்த அழுத்தத்தைத் தாங்காமல் குப்பியே வெடித்து, உலோகச் சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாயும். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி சேர்க்காத இன்ஃப்ளேட்டர்களே மோசமானவை. கார் நிறுவனங்கள் கூட்டாக ஏற்பாடு செய்த சுயேச்சை ஆய்வு, உலர்த்தி இல்லாத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை உள்ளே விடும் கட்டமைப்பு, நெடுங்காலச் சூடும் புழுக்கமும் ஆகிய மூன்றும் சேர்ந்தே வெடிப்புக்குக் காரணம் என்று 2016-இல் அறிவித்தது.

அலபாமாவில் ஒரு ஹோண்டா அக்கார்டில் இப்படி வெடித்தது 2004-இல். ரீகால் வந்தது 2008 நவம்பரில்தான். அதுவும் சுமார் 4,000 ஹோண்டா கார்களுக்கு மட்டும். 2009 மே மாதம் ஓக்லஹோமாவில் 18 வயதுப் பெண் ஒருவர் 2001 மாடல் அக்கார்டில் சென்றபோது, மெதுவாக நடந்த சாதாரண மோதலில் உயிரிழந்தார். அவரது கார் அன்றைய ரீகால் பட்டியலில் இல்லை. பட்டியல் அடுத்த பல ஆண்டுகளுக்குத் துண்டு துண்டாகவே நீண்டது. 2014-இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ பகுதியில் இறந்த ஒரு பெண்ணின் கழுத்துக் காயங்களைப் பார்த்த போலீசார், முதலில் அதைக் கொலை என்றே விசாரித்தார்கள். காரைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும்படி கேட்கும் கடிதம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

2015 மே மாதத்தில்தான் டக்காட்டா குறைபாட்டை ஒப்புக்கொண்டது. சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களை ஏமாற்றியதாக 2017-இல் குற்றத்தை ஏற்று, 100 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அதில் 85 கோடி கார் நிறுவனங்களுக்கு. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி 12.5 கோடி மட்டுமே. அதே ஆண்டு ஜூனில் நிறுவனம் திவாலானது.

உரிமையாளர் செய்ய வேண்டியது கேட்க எளிது. ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் இணையதளத்திலோ அரசுத் தளத்திலோ கொடுத்தால், வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, ஹாரன் மூடியோடு சேர்ந்த பையை வெளியே எடுத்துப் புது இன்ஃப்ளேட்டரைப் பொருத்துவார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான பாகங்களுக்கு எங்கே போவது? அமெரிக்காவில் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சில கார்களில் தற்காலிகமாக அதே வகையில் புதிய இன்ஃப்ளேட்டரையே பொருத்திவிட்டு, பின்னர் இரண்டாம் முறையும் அழைத்தார்கள். முதல்முறை மாற்றிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று இருந்தவர்களுக்கு இது பெரிய குழப்பம். எனவே சேசிஸ் எண்ணை ஒருமுறை பார்த்ததோடு விடாமல் அவ்வப்போது பார்ப்பதே சரி.

இந்த ரீகாலின் ஆகப் பெரிய ஓட்டை வேறு. குறைபாடு வயதோடு வளர்கிறது. காரோ வயதாக ஆகக் கைமாறிக்கொண்டே போகிறது. கடிதம் பதிவேட்டில் உள்ள பழைய முகவரிக்குப் போகும். வண்டி மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் இருக்கும். மிகவும் ஆபத்தான இன்ஃப்ளேட்டர் உள்ள கார், குறைந்த விலைக்குப் பழைய வண்டி வாங்கியவரிடம் போய்ச் சேர்கிறது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் இருந்த ஆல்ஃபா வகை இன்ஃப்ளேட்டர், மோதலில் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை என்று கணக்கிடப்பட்டது. அவற்றை ஓட்டவே வேண்டாம் என்று அறிவித்த பிறகும் எல்லாக் கார்களும் வந்து சேரவில்லை.

இதை ஒழுங்காகக் கையாண்ட நாடு ஆஸ்திரேலியா என்று சொல்லலாம். 2017-இல் சிட்னியில் ஒருவர் இறந்த பின், 2018 பிப்ரவரியில் கட்டாய ரீகால் பிறப்பித்து, 2020 டிசம்பர் 31 வரை கெடு வைத்தது. சுமார் 30 லட்சம் வண்டிகள். கடிதத்தோடு நிற்காமல் தொலைபேசி, குறுஞ்செய்தி, நேரில் கதவைத் தட்டுதல் என்று தேடிப் போனார்கள். அசையாதவர்களின் வண்டிப் பதிவைச் சில மாநிலங்கள் ரத்து செய்தன. அப்படித் துரத்திப் பிடித்ததால்தான் ஏறக்குறைய எல்லா வண்டிகளும் கணக்கில் வந்தன.

புழுக்கம் மிகுந்த மலேசியாவும் உயிர்களை இழந்தது. 2014 ஜூலையில் சரவாக்கில் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணி ஒருவரின் மரணம், அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் பலி. பிரான்சில் 2025 ஜூனில் நேர்ந்த ஒரு மரணத்துக்குப் பின், சிட்ரோயன் சி3, டிஎஸ்3 உரிமையாளர்கள் வண்டியை உடனே நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் 1,90,578 கார்களைத் தானாக முன்வந்து அழைத்தது. அப்போது ரீகாலுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அதற்கு இடம் தந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உரிமையாளர்கள் தரும் புகார்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட வரம்பை எட்டினால் அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம். ஆனால் அந்த விதி, தயாரித்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். டக்காட்டா இன்ஃப்ளேட்டர்களின் ஆபத்து முற்றுவதோ பெரும்பாலும் அந்த ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகுதான்.